பிளக்கைப் பிடுங்காமல் விட்ட நாள்: உங்களுக்கு என்ன ஆனது?

திருப்பூர், வெல்டிங் பட்டறை

போன வாரம் ஒரு வீட்டு கேட் வேலை. இரும்பைத் தேய்க்கிற நாலு இஞ்ச் கிரைண்டரை (நம் ஆட்கள் ஏஜி 4 என்பார்களே, அதுதான்) வைத்து, வெல்டிங் வைத்த இடத்தை மட்டம் பண்ணிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. மெஷின் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. சரி, டீ குடித்துவிட்டு வரலாம் என்று அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். சுவிட்ச் முன்னால் தள்ளிப் பூட்டினபடியே இருந்ததை யார் கவனித்தார்?

டம்ளரை வாயில் வைக்கவில்லை, கரண்ட் வந்துவிட்டது. மெஷின் துள்ளி எழுந்து, அறுந்து விழுந்த பல்லிவால் மாதிரி தரையெல்லாம் சுழல ஆரம்பித்தது. நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிற வீல். கூட வந்த பையன் பிடிக்கலாம் என்று குனிந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் அது தன் வயரையே சுருட்டி இழுத்து அறுத்துக்கொண்டது. பளிச்சென்று ஒரு பொறி, எம்சிபி (கரண்ட் அளவுமீறினால் தானே விழுகிற சுவிட்ச்) விழுந்தது, மெஷின் நின்றது. புது டைல்ஸில் பிறை பிறையாக நாலு வெட்டு. வீட்டுக்காரர் கூலியில் பிடித்துக்கொண்டார்.

18 வருடமாக இந்த மெஷினைப் பிடிக்கிறேன். வீல் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குவேன். கரண்ட் போனாலும் பிடுங்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

நாகர்கோவில், தச்சு வேலை

வீல் மாற்றும்போதாவது பிடுங்குகிறீர்களே அண்ணே, நான் அதுவும் செய்யாதவன். மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டித்தான் எங்கள் பக்கம் பாதி வேலை ஓடுகிறது. சரியில்லைதான், ஆனாலும் ஓடுகிறது. ஒருநாள் பிளேடு மாற்ற மெஷினைத் தொடைமேல் சாய்த்து ஸ்பேனர் போட்டேன். தொடையே சுவிட்சை அழுத்திவிட்டது. ஸ்பேனர் பறந்து ஜன்னலில் அடித்தது. இடது பெருவிரலில் 7 தையல்.

அப்புறம் ஒன்று செய்தேன். ஸ்பேனரைப் பெட்டியில் வைப்பதில்லை. பிளக்கை ஒட்டி, வயரிலேயே நாலு விரல் தூரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிக் கொண்டுவந்தால்தான் ஸ்பேனர் பிளேடுக்கு எட்டும். மறந்தாலும் மெஷின் ஞாபகப்படுத்தும்.

மதுரை, எலக்ட்ரீஷியன்

பிளக் என்று பேசுகிறீர்களே, அதுவே எனக்கு ஆச்சரியம். நான் போகிற சைட்டுகளில் பாதி மெஷினுக்கு பிளக்கே கிடையாது. வயர் முனையைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் சொருகி இறுக்கியிருப்பார்கள். எர்த் வயர் இருந்தால் மடக்கி டேப் சுற்றிக் கிடக்கும்.

திருப்பூர் அண்ணன் எம்சிபி விழுந்தது என்கிறார். பேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டியதால் விழுந்தது. ஆளுக்கு ஷாக் அடித்தால் அது விழும் என்று நம்பிவிடாதீர்கள். 850 வாட் கிரைண்டர் முழுசாக ஓடும்போது இழுப்பதே 4 ஆம்பியருக்குள்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அதெல்லாம் தூசு. ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். அதற்குத்தான் ஆர்சிசிபி. போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் உங்கள் உடம்பு வழியாக மண்ணுக்கு நழுவினாலும் வெட்டிவிடும்.

ஒரு ஈரத் தளத்தில் கம்பி வெட்டிக்கொண்டிருந்தவரை என் கண் முன்னால் காப்பாற்றியது அதுதான். ஜங்ஷன் பாக்ஸ் வயர் தோல் உரிந்து தண்ணீரில் கிடந்திருக்கிறது. சுருக்கென்று ஒன்று, லைன் போய்விட்டது. மனுஷன் "கரண்ட் கட்டா?" என்று கேட்டார்.

ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். எல்லாரும் போய் அழுத்திப் பாருங்கள், அது விழ வேண்டும்.

கத்தார், பைப் வெல்டிங்

எங்கள் சைட்டில் கையால் பிடிக்கிற மெஷின் எல்லாம் 110 வோல்ட், மஞ்சள் பிளக். டிரான்ஸ்பார்மரின் நடுவில் எர்த் எடுத்திருப்பதால், எந்த வயரைத் தொட்டாலும் மண்ணுக்கு 55 வோல்ட்தான். திருப்பூர் அண்ணன் சொன்ன பூட்டுகிற சுவிட்ச் உள்ள கிரைண்டரை இங்கே கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையை எடுத்தால் நிற்கிற சுவிட்ச்தான் உள்ளே போகும்.

லீவில் வந்தபோது மாமா பட்டறையில் "இந்த மெஷினுக்கு வீலை மூடுகிற கார்டு எங்கே மாமா?" என்று கேட்டேன். "அதையெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சு மாப்ள" என்றார்.

சென்னை, வீட்டு வேலைக்கு மட்டும்

நான் தொழில் தெரிந்தவள் இல்லை. படம் மாட்ட சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே டிரில் போட்டேன். பட்டென்று சத்தம், வீடே இருட்டு. பிட்டின் நுனி உருகிக் கறுத்துப் போயிருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷினில் இரண்டு முள் பிளக்தான், எர்த்தே இல்லை. எப்படித் தப்பித்தேன்? எலக்ட்ரீஷியன் அண்ணா சொல்லுங்கள்.

மதுரை, எலக்ட்ரீஷியன்

மெஷினில் ஒட்டியிருக்கிற பட்டையைப் பாருங்கம்மா. சதுரத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம், அதற்கு எர்த் தேவையில்லை. நீங்கள் பிடித்திருந்தது பிளாஸ்டிக் உடம்பு. முன்னால் பிட்டைப் பிடித்திருக்கிற இரும்புச் சக்கில் ஒரு விரல் பட்டிருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க முடியாமலே போயிருக்கலாம். போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே துளை போடாதீர்கள். வயர் போகிற பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் இறங்கும்.

திருப்பூர், வெல்டிங் பட்டறை

மதுரைத் தம்பி சொன்னாரே என்று இன்று காலை பட்டறை ஆர்சிசிபியில் பட்டனை அழுத்தினேன். விழவில்லை. மறுபடி அழுத்தினேன். விழவில்லை. எத்தனை வருடமாக இப்படி இருக்கிறதோ. பையனை இன்று மெஷினைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் புதுசு வாங்கக் கிளம்பியிருக்கிறேன். தம்பி, 40 ஆம்பியரா, 25 போதுமா?