இன்லே ஏரியில் படகு: ஒரே நாளில் முழுச் சுற்றா, பாதி ஏரி போதுமா?

ரங்கூன் வள்ளி:
எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஷான் மாநிலத்து இன்லே ஏரிக்குப் போகிறோம். அப்பா எழுபதைத் தாண்டியவர், அம்மாவுக்கு முட்டி வலி. நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. ஹேஹோ வரை விமானம், அங்கிருந்து கார், நியாங்ஷ்வேயில் மூன்று இரவு. இது முடிவாகிவிட்டது. படகு விஷயத்தில்தான் வீட்டில் பேச்சு முடியவில்லை. விடுதியில் ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஐந்து நாள் சந்தை, தாமரை நூல் நெசவு, பவுங்டாவ் ஊ பயா (புத்தர் கோயில்), மர மடம், மிதக்கும் தோட்டம், இன்டெய்ன், பொழுது சாய்ந்து திரும்புவது. வீட்டுக்காரர் இதையே எடுக்கலாம் என்கிறார். பெரியவர்களை நினைத்தால் எனக்கு மனசு வரவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பெகு சேகர்:
முழு நாளே எடுங்கள் தங்கச்சி. ஏரி வடக்கு தெற்காகச் சுமார் 22 கிலோமீட்டர். நியாங்ஷ்வே வடக்கு முனையில் இருக்கிறது, கால்வாய் வழியாகத்தான் ஏரிக்குள் நுழைய முடியும். பயா, நெசவு ஊர், யுவாமா, நம்பான் ஊர்கள் எல்லாம் தெற்கே. இன்டெய்னுக்கு மேற்கே ஓடையில் ஏறிப் போக வேண்டும். அரை நாள் என்றால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இன்டெய்னை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூங்கில் தட்டி வைத்து ஓடையைப் படிப்படியாகத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் நடுவில் விட்ட இடைவெளியில் படகு முக்கித் தாண்டும், பிள்ளைகள் கத்துவார்கள். கரையேறினால் தூண் வரிசைக்கு நடுவே கூரை போட்ட நடை, மேலே நூற்றுக்கணக்கில் செங்கல் கோபுரங்கள். சிலவற்றின் உச்சியைப் பிளந்து மரம் முளைத்திருக்கும், பக்கத்திலேயே புதிதாகத் தங்கப் பூச்சு பூசியது நிற்கும். பர்மாவில் பிறந்து அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. டிசம்பரில் ஓடையில் தண்ணீரும் நிற்கும், மார்ச் ஏப்ரலில் போனால் படகு தட்டும். வாடகையும் ஆளுக்கு இல்லை, படகுக்கு. எடுப்பது எடுக்கிறீர்கள், நாள் முழுக்க எடுங்கள்.

தௌஞ்ஜி மருமகள்:
வள்ளி அக்கா, நான் கட்டிக்கொடுத்து வந்த ஊர் தௌஞ்ஜி. ரங்கூனிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் ஏரிக்குக் கூட்டிப் போவது என் வேலை. சேகர் அண்ணன் இடங்களைச் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் வயசானவர்களோடு அந்தத் திட்டம் வேண்டாம்.

படகில் உட்கார்ந்து போவதில் அம்மாவுக்குக் கஷ்டம் இருக்காது. ஒருவர் பின்னால் ஒருவராகத் தாழ்வான மர நாற்காலி போட்டு மெத்தை வைத்திருப்பார்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். கஷ்டம் இறங்கும் இடத்தில். அங்கே எல்லா வீடும், கடையும், மடமும் தண்ணீருக்குள் நட்ட கால் மேல் நிற்கிறது. படகு அசையும், அதிலிருந்து எழுந்து ஈரப் பலகைப் படியில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஆறு இடம் என்றால் பன்னிரண்டு தடவை. மூன்றாவது இடத்தில் அம்மா "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். அப்புறம் மிச்ச நாள் முழுக்க அவர் எஞ்சின் பக்கத்தில் வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று குளிர். ஏரி 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் காலை ஏழு மணிக்குக் கால்வாயில் மூடுபனி, படகு வேகமெடுத்தால் காற்று எலும்பில் ஏறும். படகுக்காரர் போர்வை தருவார், ஆறு வயசுப் பையனுக்கு அது போதாது. பனி விலகட்டும், ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். மூன்றே இடம், மதியச் சாப்பாடு, திரும்பல். மறுநாள் வேண்டுமானால் கிழக்குக் கரை ஊர் மைங்தாக்.

பெகு சேகர்:
ஒன்பது மணிக்குக் கிளம்பினால் சந்தை கலையும் நேரத்துக்குப் போய்ச் சேருவார்கள். ஐந்து நாள் சந்தை விடிகாலைச் சந்தை. பஓ இனப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து விற்றுவிட்டு, வெயில் ஏறும்முன் புறப்பட்டுவிடுவார்கள். அதைப் பார்க்காமல் ஷான் மாநிலத்துக்கு எதற்குப் போவது?

தௌஞ்ஜி மருமகள்:
சந்தை ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில், ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே ஊருக்குத் திரும்பும். பௌர்ணமி, அமாவாசையில் கிடையாது. இவர்கள் இருக்கும் நாளில் ஹேஹோவில் சந்தை என்றால் காரிலேயே பார்த்துவிடலாம், படகே வேண்டாம். எந்த நாள் எங்கே என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா. சந்தைக்காகக் குழந்தையை இருட்டில் எழுப்ப வேண்டாம்.

மோல்மேன் செல்வம்:
நான் கேட்பது வேறு. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிலம் ஆடியதில் அந்த ஏரி ஊர்களில் கால் மேல் நின்ற வீடுகள் எத்தனையோ தண்ணீருக்குள் சரிந்தன. வீட்டை இழந்த சனம் இன்னும் எழுந்து நிற்கப் பாடுபடுகிறது. அதற்கு நடுவில் நாம் படகில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் பணத்தை அங்கே நேராகக் கொடுக்கலாம். வள்ளி, கோபித்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதைச் சொன்னேன்.

தௌஞ்ஜி மருமகள்:
செல்வம் அண்ணா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் கரையில் நின்று பார்த்தவள் சொல்கிறேன். படகுத்துறையில் வரிசையாகப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. 2020-க்கு அப்புறம் கொரோனா, சண்டை, வெள்ளம், நிலநடுக்கம் என்று ஒன்றன்பின் ஒன்று. வெளிநாட்டுக்காரர் வரத்து விழுந்துவிட்டது. நம் ஆட்கள் போனால்தான் அந்தப் படகுக்கு டீசல் ஊற்ற முடியும். நெசவுக்காரி பிச்சை கேட்கவில்லை, துணி வாங்க ஆள் வருமா என்று பார்க்கிறாள். போங்கள், பேரத்தை இழுக்காமல் கொடுங்கள். இடிந்த வீட்டை மட்டும் போட்டோ எடுக்காதீர்கள்.

மோல்மேன் செல்வம்:
சரி, போகிறவர்கள் அப்படிச் செய்தால் நல்லது. என் மனசு இன்னும் ஒப்பவில்லை, நான் இந்த வருஷம் போக மாட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாராவது தெற்கே சாகார் வரை போகலாம் என்று ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2021-க்குப் பிறகு அந்தப் பக்கம் மோபியே, பெக்கோனில் சண்டை என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளோடு அந்தத் திசையே வேண்டாம்.

பெகு சேகர்:
சாகார் வேண்டாம் என்பதில் நானும் செல்வம் பக்கம்.

இன்சேன் கதிர்:
நடுவில் வருகிறேன். முழு நாளா அரை நாளா என்பதைவிட எஞ்சின் படகா, துடுப்புப் படகா என்று கேளுங்கள். அந்த ஏரி ஆழமே இல்லாதது. கோடையில் சராசரி இரண்டு மீட்டர்தான், மழைக்காலத்தில் இன்னும் ஒன்றரை மீட்டர் ஏறும். அதில் இந்த நீளவால் எஞ்சின்கள் அடிச் சேற்றைக் கலக்குகின்றன, அலை தோட்டத்தின் ஓரத்தைத் தின்கிறது. ஏரி சுருங்கிக்கொண்டே வருகிறது. 2015-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தது, அறிவித்து என்ன பயன்? ஒவ்வொரு குடும்பமும் எஞ்சினோடு 22 கிலோமீட்டர் ஓடினால் பிள்ளைகள் காலத்தில் அங்கே வயல்தான் இருக்கும்.

பெகு சேகர்:
தம்பி, ஏரி சுருங்குவதைச் சுற்றுலாப் படகின் தலையில் கட்டாதே. 1935-லிருந்து 2000-க்குள் திறந்த நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போனது. அதில் பெரும்பகுதி மிதக்கும் தோட்டம் பரவியதால். சுற்று மலைகளில் காடு வெட்டியதால் இறங்கிய மண் இன்னொரு காரணம். தக்காளிக்குப் போடும் உரமும் மருந்தும் நேராகத் தண்ணீரில்தான் கரைகின்றன. வருஷம் முழுக்க ஊர்க்காரர்கள் சந்தைக்கும் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டும் எஞ்சின் எத்தனை! வள்ளி எடுக்கப்போகும் ஒரு படகு அதில் எந்த மூலைக்கு?

இன்சேன் கதிர்:
தோட்டம்தான் பெரிய காரணம், ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் சுருங்குவதை விடுங்கள், அந்த அலை யார்மேல் அடிக்கிறது என்று பாருங்கள். தோட்டம் என்றால் களையும் வேரும் பின்னிய நீளப் பாத்தி. மேலே ஏரிச் சேற்றை அள்ளிப் போட்டு, மூங்கில் கழியால் தரையோடு குத்தி நிறுத்தியிருப்பார்கள். இரண்டு பாத்திக்கு நடுவே ஓர் ஆள் அகலத் தோணியில் ஒரு அம்மா நின்று தக்காளி பறிக்கிறாள். கூடை நிறையப் பச்சைக் காய், தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்கூட இடைவெளி இல்லை. வெளியே ஒரு எஞ்சின் படகு வேகத்தைக் குறைக்காமல் போகிறது. பாத்தி மொத்தமும் ஏறி இறங்குகிறது, அவள் பறிப்பதை விட்டுவிட்டுக் கழியைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். அடுத்த படகு வருவதற்குள் இரண்டு கொத்துப் பறிக்க வேண்டும். நான் கண்ணால் கண்டது இது. "எந்த மூலைக்கு" என்று அவளிடம் சொல்ல முடியுமா?

பெகு சேகர்:
அப்படிச் சொன்னால் எனக்கும் பதில் இல்லை. தோட்டத்துக்குள் போகும்போது எஞ்சினை அடக்கச் சொல்லுங்கள். நல்ல படகுக்காரர் தானே அடக்குவார். ஆனால் துடுப்புப் படகில் நியாங்ஷ்வேயிலிருந்து பயா வரை போக முடியாது, அதையும் சொல்.

இன்சேன் கதிர்:
உண்மை, தூரத்துக்கு எஞ்சின்தான். துடுப்புக்கு மைங்தாக் இருக்கிறது. கிழக்குக் கரை, பாதி ஊர் நிலத்தில், பாதி தண்ணீரில், நடுவில் நீண்ட மரப்பாலம். காரிலேயே பாலத்தடி வரை போகலாம். அங்கே சின்னப் படகு எடுத்தால் ஊர்க்காரர் காலால் துடுப்பு வலித்து வீடுகளுக்கு நடுவே கூட்டிப் போவார். ஒற்றைக் காலில் முனையில் நின்று, மற்றக் காலைத் துடுப்பில் சுற்றி உந்துவார். நின்றுகொண்டே போனால்தான் நாணலுக்கும் களைக்கும் மேலே வழி தெரியும், வலை போடக் கையும் சும்மா இருக்கும். கால்வாய் வாசலில் கூம்புக் கூடையைத் தூக்கிக் காலை உயர்த்தி நிற்பவர்களைப் பார்த்து இதுதான் மீன்பிடி என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அது போட்டோவுக்கு நிற்பது, காசு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஏரியிலேயே வாழும் இன்தா இன மீனவர் வலை போடுவதைத் தள்ளிப் போனால் பார்க்கலாம்.

ரங்கூன் வள்ளி:
இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு கேள்வி. அம்மாவுக்குப் பயாவில் தங்க ரேக் ஒட்ட ஆசை. அப்பா கார்த்திகையிலிருந்து சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தௌஞ்ஜி மருமகள்:
பவுங்டாவ் ஊவில் மேடை ஏறி ரேக் ஒட்டுவது ஆண்களுக்கு மட்டும். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்தால் மனசு நோகும். ரேக்கை வாங்கி அப்பாவிடமோ மருமகனிடமோ கொடுத்து ஒட்டச் சொல்லலாம். ஐந்து சிலைகள், ஒட்டி ஒட்டி முகமும் கையும் மறைந்து தங்க உருண்டையாக இருக்கும். திருவிழாவில் நாலு சிலையைப் பறவை முகப்புப் படகில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள், ஒன்று காவலுக்குத் தங்கும். அது செப்டம்பர், அக்டோபரில், இப்போது கிடைக்காது.

சைவத்துக்குக் கவலையே இல்லை. ஷான் தோஃபு சோயாவில் செய்வது இல்லை, கடலை மாவில் கிண்டுவது. சூடாகக் கஞ்சிப் பதத்தில் கிடைக்கும், பொரித்தும் கிடைக்கும். மீன் சாஸும் மீன் பொடியும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஏரித் தக்காளிக்கு நிலக்கடலைப் பொடி தூவிய சாலட் அப்பாவுக்குப் பிடிக்கும்.

மோல்மேன் செல்வம்:
யுவாமா பக்கம் சில கடைகளில் கழுத்தில் வளையம் போட்ட படாவுங் இனப் பெண்களை உட்கார வைத்திருப்பார்கள். அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். மனுசரைக் காட்சிக்கு வைக்கிற கடை அது.

பெகு சேகர்:
அவர்களும் நெய்துதான் விற்கிறார்கள் செல்வம். கும்பிட்டு, பேசி, துணி வாங்கினால் என்ன தப்பு? கேட்காமல் கேமராவை நீட்டுவதுதான் தப்பு.

மோல்மேன் செல்வம்:
அவர்கள் ஊரில் உட்கார்ந்து நெய்தால் நான் வாங்குவேன். கடைக்காரர் வாசலில் உட்கார வைப்பது வேறு. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் அண்ணே.

ரங்கூன் வள்ளி:
வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முடிவு இப்படி. முதல் நாள் மதியத்துக்கு மேல் காரில் மைங்தாக், கால் துடுப்புப் படகு. ஆறு பேர் என்பதால் எப்படியும் இரண்டு படகு. மறுநாள் ஒரு எஞ்சின் படகில் அப்பா, அம்மா, நான், சின்னவன். ஒன்பது மணிக்குக் கிளம்பித் தோட்டம், நெசவு, பயா. மூன்று இடத்துக்கு மேல் இல்லை. இன்னொரு படகில் வீட்டுக்காரரும் மகளும் ஏழு மணிக்கே இன்டெய்ன். பயாவில் இரண்டு படகும் சேர்ந்துகொள்ளும், அப்பாவும் இவரும் ரேக் ஒட்டுவார்கள். படாவுங் கடைக்கு நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.

தௌஞ்ஜி மருமகள்:
நல்லது அக்கா. முதல் நாள் சாயங்காலமே படகுத்துறைக்குப் போய் இரண்டு படகையும் பேசி வையுங்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு எது திறந்திருக்கிறது, எங்கே படி நல்லபடியாக இருக்கிறது என்று படகுக்காரரிடமே கேளுங்கள். எந்தெந்த இடம் என்று பர்மியில் சொல்லி வாடகை முடியுங்கள், இல்லாவிட்டால் வெள்ளிக் கடை, சுருட்டுக் கடை என்று நிறுத்திக்கொண்டே போவார்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, சின்னவனுக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பாருங்கள். காதை மூடும் குல்லாய் மறக்க வேண்டாம், குளிருக்கும் ஆகும், எஞ்சின் சத்தத்துக்கும் ஆகும்.

பெகு சேகர்:
இன்டெய்ன் படகுக்கு ஒன்று. ஓடையில் இறங்கும்போது எதிரே ஏறும் படகுக்கு வழிவிட நேரம் பிடிக்கும். பத்தரைக்குள் கோபுரங்களை விட்டு இறங்கிவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் பயாவில் அம்மாவைக் காக்க வைக்காமல் வந்து சேரலாம்.