சிமுலேட்டர் போதாதாம், சொந்த நெட்வொர்க் கட்டக் காசில்லை. ஹேண்டோவர் சோதனைக்கு என்ன வழி?

பாதி_பேக்கெட்:
பிஎச்டி மூன்றாம் வருடம். போன் ஒரு செல்லிலிருந்து (ஒரு பேஸ் ஸ்டேஷனின் எல்லை) இன்னொரு செல்லுக்கு மாறும்போது, அதாவது ஹேண்டோவரின்போது, டிசிபி (இணையத்தில் தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) எப்படித் தடுமாறுகிறது, மறுபடி நிமிர எவ்வளவு நேரம் பிடிக்கிறது, இதுதான் என் வேலை. எல்லாவற்றையும் என்எஸ்-3 என்ற சிமுலேட்டரில் செய்து கட்டுரையாக அனுப்பினேன், "நிஜ நெட்வொர்க்கில் பார்த்தீர்களா?" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டது. நிஜ நெட்வொர்க்குக்கு நான் எங்கே போவது? ஆபரேட்டர்கள் தங்கள் கோர் (நெட்வொர்க்கின் மையப் பகுதி) பக்கமே யாரையும் விடமாட்டார்கள். சிம் போட்டுப் பேருந்தில் சுற்றி அளந்தால் வேகம் விழுந்தது தெரியும், ஏன் விழுந்தது என்று தெரியாது. கைடிடம் ஒரு யுஎஸ்ஆர்பி பி210 (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வாங்கும் அளவுக்குத்தான் பணம் இருக்கிறது. வாங்கலாமா?

லேட்_லேட்:
அவசரப்படாதீர்கள். நான் வாங்கி நாலு மாதம் தொலைத்தவன். ஓபன்5ஜிஎஸ் என்ற கோர் மென்பொருள் முதல் நாளே எழுந்துவிட்டது, பேஸ் ஸ்டேஷன் வேலை செய்யும் எஸ்ஆர்எஸ்ரானும் ஓடியது, ஆனால் போன் மட்டும் நெட்வொர்க் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. சிம்மைச் சந்தேகப்பட்டு, போனைச் சந்தேகப்பட்டு, கடைசியில் பார்த்தால் குற்றவாளி கடிகாரம். பி210-இன் உள் கடிகாரம் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரை விலகலாம், 3.5 கிகாஹெர்ட்ஸில் அது 7 கிலோஹெர்ட்ஸ். வெளியிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் கொடுத்ததும் போன் பிடித்துக்கொண்டது. அப்புறம் லேப்டாப் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற மோடில் இருந்ததால் டெர்மினல் முழுக்க எல், யு, எல், எல் என்று கொட்டியது (எல் என்றால் சாம்பிள், அதாவது எண்களாக்கிய சிக்னல் துண்டு, தாமதம்; யு என்றால் அனுப்ப சாம்பிளே இல்லை). ஒரு செல்லுக்கே இந்தப் பாடு, உங்களுக்கு இரண்டு செல் வேண்டும். இன்னொன்று, லைசென்ஸ் இல்லாமல் ஆன்டெனா மாட்டிவிடாதீர்கள். கேபிளும் அட்டென்யுவேட்டரும் (சிக்னலைப் பலவீனமாக்கும் கருவி) போதும்.

கம்பி_அலை:
உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தின் பவுடர், நிஜ ரேடியோக்களைத் தொலைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்பெட் (சோதனைக்களம்). அதே குழு முன்பு நடத்திய ஃபேன்டம்நெட் என்ற டெஸ்ட்பெட்டின் வழியில் வந்தது. காற்றில் சிக்னல் விடுகிற பகுதி தனி, அதை விடுங்கள். உள்ளே ரேடியோக்களைக் கம்பியால் இணைத்து, நடுவில் நிரலால் கூட்டிக் குறைக்கக்கூடிய அட்டென்யுவேட்டர் வைத்திருக்கிறார்கள். ஒரு செல்லின் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இன்னொன்றை ஏற்றினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே போனை "நடக்க" வைக்கலாம், அதே நடையை நூறு முறை திரும்பச் செய்யலாம். பேருந்தில் அது நடக்காது. தொல்லை எங்கே என்றால், நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும், காலக்கெடு முடிந்ததும் மெஷின் துடைக்கப்பட்டுவிடும். ஒரு முறை லாகை (பதிவுக் கோப்பை) நகலெடுக்காமல் தூங்கிப்போய் மூன்று நாள் வேலை போச்சு. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கொலோசியமும் இருக்கிறது, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா ஒரு போட்டிக்காகக் கட்டியது. ரேடியோக்களுக்கு நடுவே சேனலையே (சிக்னல் போகும் பாதையையே) கணக்கிட்டு உருவாக்குவார்கள். இரண்டு செல்லுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

சும்மா_கேட்கிறேன்:
டெஸ்ட்பெட் நேரம் கிடைக்கும்வரை சும்மா இருக்காதீர்கள். எஸ்ஆர்எஸ்ரான் 4ஜியை ஸீரோஎம்க்யூ (நிரல்களுக்கு நடுவே தரவு அனுப்பும் மென்பொருள்) வழியாக ரேடியோவே இல்லாமல் ஒரே லேப்டாப்பில் ஓட்டலாம். சாம்பிள்கள் சாக்கெட்டில் போகும், மற்றதெல்லாம் நிஜக் கோடு, ஹேண்டோவரும் ஆகும். ஸ்கிரிப்டை அங்கேயே அடித்துத் திருத்திவிட்டால் முன்பதிவு நேரத்தில் பிழை தேட வேண்டியிருக்காது. யுஇரான்சிம் (போனையும் பேஸ் ஸ்டேஷனையும் போல நடிக்கும் மென்பொருள்) பக்கம் போகாதீர்கள், கோரைச் சோதிக்க அது தங்கம், ஆனால் அதில் ரேடியோ அடுக்கே கிடையாது, ஹேண்டோவர் நேரம் என்று என்ன வந்தாலும் அர்த்தமில்லை.

பாதி_பேக்கெட்:
சரி, பி210 கோரிக்கையை நிறுத்திவிட்டேன். முதலில் ஸீரோஎம்க்யூ, அப்புறம் பவுடரில் கணக்கு திறப்பது. ஒரு சந்தேகம்: போனின் கடிகாரத்தையும் பேஸ் ஸ்டேஷன் கடிகாரத்தையும் எப்படி ஒத்துப்போக வைப்பது?

கம்பி_அலை:
வைக்கவே வேண்டாம். டிசிபி அனுப்பும் பக்கத்தை பேஸ் ஸ்டேஷன் ஓடுகிற அதே மெஷினில் வையுங்கள். ஆர்டிடி (பேக்கெட் போய்ப் பதில் வர ஆகும் நேரம்) அங்கேயே கிடைக்கும், ஹேண்டோவர் எப்போது தொடங்கியது என்பது பக்கத்து லாகில் இருக்கும், இரண்டுக்கும் ஒரே கடிகாரம். போனை வாங்குகிற பக்கமாக மட்டும் விடுங்கள். லாகை நகலெடுத்த பிறகு தூங்குங்கள்.