தாது வருஷத்துல கப்பல் ஏறினவரை எந்த லைப்ரரியில தேடறது?

முள்ளியாறு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பூர்வீகம் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம், நான் இப்ப வேலைக்காக சென்னையில இருக்கேன். எங்க குடும்பத்துல ஒருத்தர் அந்தக் காலத்துல சிங்கப்பூர் போனவர் திரும்பி வரவே இல்ல. சின்ன வயசுலேருந்து இந்தக் கதைய கேட்டுத்தான் வளந்தேன். அப்பாவோட அத்தை, நாங்க அத்தைப்பாட்டின்னு கூப்பிடுவோம், அவங்க இருந்தவரைக்கும் ஆடி அமாவாசை வந்தா "கப்பல்ல போனவருக்கு மட்டும் எள்ளும் தண்ணியும் விடாதடா, உசுரோட இருந்தா தோஷம்"னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எந்த வருஷம் போனார்னு கேட்டா "தாது வருஷம்"பாங்க, அவ்ளோதான். தாது வருஷப் பஞ்சம்னா 1876, அப்ப பஞ்சம் பொழைக்கப் போனவர்னு வீட்ல எல்லாரும் முடிவு பண்ணிட்டோம்.

போன பொங்கலுக்கு பரண்ல இருந்த பழைய பெட்டிய இறக்கினப்ப செகப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒண்ணு கெடச்சுது. நெல்லு, வைக்கோல், கூலின்னு வரவு செலவா போகுது, நடுவுல ஒரு வரி: "தாது வருஷம் ஆவணி ௰௨ தேதி சிறியவன் நாகப்பட்டணம் போய் றாசூலா கப்பல் ஏறினது, கைச்செலவுக்கு ரூ 15". அந்த ௰௨ன்னா 12னு ஊர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் படிச்சு சொன்னார். எழுதினது எங்க எள்ளுத்தாத்தாவா இருக்கணும், சிறியவன்னா அவரோட தம்பின்னு நெனைக்கிறோம்.

1876ல கப்பல்ல போனவங்க பேர் லிஸ்ட் எங்க இருக்கும்? ஒரு ஆபீஸ்ல போய் கேட்டேன், அதெல்லாம் செல்லரிச்சு போயிருக்கும் தம்பின்னு உக்காந்த எடத்துலயே சொல்லி அனுப்பிட்டாங்க. எழும்பூர் கன்னிமாரா லைப்ரரிக்கு போனா எதாவது கெடைக்குமா, போனா என்ன கேக்கணும்னே தெரியல. தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க ப்ளீஸ்.

எழும்பூர் வாசகர்:
தம்பி, நான் நூலகத் துறையில இருந்து ரிட்டயர் ஆனவன். உங்க போஸ்ட ரெண்டு தடவ படிச்சேன். லைப்ரரிக்கு கெளம்பறதுக்கு முன்னாடி அந்த நோட்ட இன்னொரு தடவ பாருங்க, வருஷத்த தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னு எனக்கு தோணுது.

தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும். 1876 தாது, சரி, அதே தாது 1936லயும் வந்துச்சு. நோட்டுல இருக்கிற றாசூலா வேற ஒண்ணும் இல்ல, ரஜூலா கப்பல்தான். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கப்பல், 1926ல கட்டினது, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு எழுபதுகள் ஆரம்பம் வரைக்கும் ஓடுச்சு. 1876ல அந்தக் கப்பலே கிடையாது. அப்ப அந்த ஆவணி 12ங்கிறது 1936 ஆகஸ்ட் கடைசி.

இன்னொண்ணும் கவனிங்க. 1876ல போன ஆளா இருந்தா உங்க அத்தைப்பாட்டி காலத்துல அவருக்கு நூறு வயசு தாண்டியிருக்குமே, உசுரோட இருந்தாலும் இருப்பார்னு எள்ளு விட வேணாம்னு எப்படி சொல்வாங்க? அவங்க பஞ்சம்னு சொல்லவே இல்ல, தாது வருஷம்னு மட்டும் சொல்லிருக்காங்க, பஞ்சத்த சேத்துக்கிட்டது கேட்ட நீங்கதான். அந்தப் பஞ்சத்துல சேலம், கோயமுத்தூர், பெல்லாரிப் பக்கம் ஜனங்க பட்ட பாடு சொல்லி மாளாது, ஆனா காவேரித் தண்ணி பாஞ்ச தஞ்சாவூர் ஜில்லாவுல அவ்வளவு அடி இல்ல.

கன்னிமாராவுக்கு கண்டிப்பா போங்க. 1896ல தொறந்த லைப்ரரி, 1954 சட்டப்படி இந்தியாவுல அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு காப்பி அங்க வந்து சேரணும். அங்க போய் "எங்க தாத்தா பேர் வேணும்"னு கேட்டா யாராலயும் எடுத்துக் குடுக்க முடியாது. ஊர் பேரு, தாலுக்கா, பழைய ஜில்லா பேரு, எந்த வருஷத்துலேருந்து எந்த வருஷம் வரைக்கும், இத ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க. உங்க ஊர் இப்ப திருவாரூர் மாவட்டம், பழைய புத்தகத்துல தஞ்சாவூர் ஜில்லாவுலதான் தேடணும். வெங்கசாமி ராவ் எழுதின தஞ்சாவூர் மேனுவல் 1883ல வந்தது, ஹெமிங்வே எழுதின கெசட்டியர் 1906, ரெண்டும் ஜில்லாவப் பத்தின விவரப் புத்தகங்க. ரெண்டையும் பாருங்க, பேர் இருக்காது, ஆனா உங்க பக்கத்து நெலம், ஆறு, துறைமுகம், ஜனங்க என்ன பொழப்புல இருந்தாங்கங்கிறது பிடிபடும். முப்பதுகள்ல வந்த சுதேசமித்திரன் பேப்பர் எங்க பாக்கலாம்னும் அங்கயே கேளுங்க. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தையும் விட்டுடாதீங்க, கோட்டையூர்ல ஒரு மனுஷர் சொந்தக் காசுல சேத்த புத்தகம், பத்திரிகை, நோட்டீஸெல்லாம் வச்சு ஆரம்பிச்ச லைப்ரரி அது.

நூலக அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் மாதிரி ஆளுங்க பாடுபட்டு 1948ல இங்க பொது நூலகச் சட்டம் வந்துச்சு, வீட்டு வரியோட நூலக வரியும் நாம கட்டறோம். அது உங்க எடம் தம்பி, கூச்சப்படாம கேளுங்க, ஒருத்தர் இல்லன்னா அடுத்தவர்கிட்ட கேளுங்க.

பத்திரக்காரர்:
சார் சொன்னது சரி. நான் பத்திரம் எழுதறவன், என் பக்கத்துலேருந்து ஒண்ணு சொல்றேன். வெளிநாடு போனவர் பேர் கப்பல் லிஸ்ட்ல கெடைக்குதோ இல்லையோ, சொந்த ஊர் பத்திரத்துல மாட்டுவார், ஏன்னா நெலத்துல அவருக்கு பங்கு உண்டு, அவர விட்டுட்டு பாகம் பிரிக்க முடியாது. வீட்ல மூலபத்திரம், பாகப்பிரிவினை பத்திரம் என்ன இருக்குன்னு அப்பாகிட்ட கேளுங்க. பழைய பத்திரத்துல "இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்"னு அப்பா பேரோட எழுதுவாங்க, சிலதுல தாத்தா பேரும் வரும், அத வச்சே மூணு தலைமுறை போட்டுடலாம். ஊர்ல இல்லாதவர "அக்கரைச் சீமையில் இருக்கும்"னு எழுதினத நானே பாத்திருக்கேன். வீட்ல இல்லன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டு, நம்பர் எடுத்து, காப்பி மனு குடுங்க. கம்ப்யூட்டர்ல ரொம்ப பழசு வராது, மேனுவலா தேடச் சொல்லணும், ரெண்டு மூணு நடை நடக்க வேண்டி வரும், விடாதீங்க. கூடவே தாசில்தார் ஆபீஸ்லயோ விஏஓ கிட்டயோ பழைய அ பதிவேடு, செட்டில்மென்ட் ரிஜிஸ்டர் பாத்தா சர்வே நம்பருக்கு நேரா பட்டாதாரர் பேர் இருக்கும்.

தெம்பனிஸ் அக்கா:
தம்பி நான் சிங்கப்பூர்ல இருபது வருஷமா இருக்கேன், 1936னு படிச்சதுமே எனக்கு சந்தோஷமாயிடுச்சு, ஏன்னா கோ. சாரங்கபாணி தமிழ் முரசு ஆரம்பிச்சது 1935ல, அதாவது உங்காளு இங்க வந்து எறங்கினப்ப தமிழ்ப் பேப்பர் கைக்கு வந்துடுச்சு. இங்க தேசிய நூலகம் நியூஸ்பேப்பர் எஸ்ஜின்னு ஒரு வெப்சைட் வச்சிருக்கு, பழைய பேப்பர ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க, தமிழ் முரசும் இருக்கு, ஸ்ட்ரைட்ஸ் டைம்ஸ் 1845லேருந்து இருக்கு, பழைய இதழெல்லாம் நீங்க சென்னையில வீட்ல உக்காந்தே காசில்லாம படிக்கலாம். இங்கிலீஷ் பேப்பர்ல தேடறப்ப ஒரு ஸ்பெல்லிங்கோட நிறுத்தாதீங்க, ஒரே கோவிந்தசாமிய கிளார்க்குங்க நாலு விதமா எழுதிருப்பாங்க, இங்க அப்பா பேர "சன் ஆஃப்"னு பின்னாடி போடுவாங்க, அதனால அப்பா பேர போட்டும் தேடணும். தமிழ் முரசுல தேடி வரலன்னா விட்டுடாம தேதி போட்டு பக்கம் பக்கமா பொரட்டுங்க.

என் மாமனாரோட அப்பாவ அப்படித்தான் கண்டுபிடிச்சேன். சிங்கப்பூர்ல தவறிட்டார்ங்கிறதுக்கு மேல யாருக்கும் எதுவும் தெரியல, பழைய முரசுல மூலையில கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மரண அறிவித்தல், அதுல தஞ்சை ஜில்லா, தாலுக்கா, கிராமம் எல்லாம் போட்டு, கீழ துறைமுகத்துல கூட வேல பாத்தவங்க பேர் அஞ்சு இருந்துச்சு. அந்த அஞ்சு பேரையும் என் மாமனார் சத்தமா படிச்சார், அதுல ரெண்டு பேர் பக்கத்து ஊர்க்காரங்கன்னு அவருக்கு தெரிஞ்சுது.

தேசிய ஆவணக் காப்பகத்துல வாய்மொழி வரலாறுன்னு பழைய ஆளுங்க பேசின ரெக்கார்டிங்கும் இருக்கு. உங்காளு அதுல இல்லாட்டியும் அதே காலத்துல வந்தவங்க எங்க தங்கினாங்க, என்ன கூலி வாங்கினாங்கன்னு அவங்க குரல்லயே கேக்கலாம். தம்பி, நோட்டுல அந்த வரிக்கு அப்புறம் சிங்கப்பூர் பத்தி வேற எதாவது எழுதிருக்கான்னு பாத்து சொல்லுங்களேன்.

முள்ளியாறு:
ரெண்டு நாளா பதில் போட முடியல மன்னிச்சுக்கங்க, ஊருக்கு போயிட்டேன். சார், நீங்க சொன்னத அப்பாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அப்ப இத எழுதினது எங்க தாத்தாடா"ன்னார். எள்ளுத்தாத்தா இல்ல, கொள்ளுத்தாத்தா. சிறியவன்ங்கிறது அவரோட தம்பி, அதாவது எங்க தாத்தாவுக்கும் அத்தைப்பாட்டிக்கும் சொந்தச் சித்தப்பா. கப்பல் ஏறினப்ப எங்க தாத்தாவுக்கு பதினோரு வயசு. எங்களுக்கு தெரியாத யாரோன்னு நெனச்சிட்டிருந்தோம், எங்க தாத்தாவ தோள்ல தூக்கிட்டு திரிஞ்சவரா இருக்கும் போல.

அக்கா கேட்ட மாதிரி நோட்ட வரி வரியா பாத்தோம். "மணியாடர் வரவு"ன்னு ரெண்டு மாசம் மூணு மாசத்துக்கு ஒருக்கா வருது, 8 ரூபா, 10 ரூபா, ஒரு தீவாளிக்கு 20 ரூபா. யார் அனுப்பினதுன்னு எழுதாததால வரவு செலவோட வரவு செலவா நெனச்சு தாண்டிட்டோம், இப்ப பாத்தா எல்லாமே தாது ஆவணிக்கு பின்னாடி வர்ற வருஷங்க. கடைசி வரவு "விஷு வருஷம் கார்த்திகை 3". அதுக்கப்புறம் நோட்டு இன்னும் நாப்பது பக்கம் போகுது, மணியாடர்னு ஒரு எழுத்து கூட இல்ல. விஷுன்னா எந்த வருஷம் சார்?

எழும்பூர் வாசகர்:
விஷு 1941 தம்பி. கார்த்திகை 3 நவம்பர் மாசம் நடுவுல வரும். டிசம்பர் 8 அன்னிக்கு ஜப்பான்காரன் சிங்கப்பூர்ல குண்டு போட்டான், 1942 பிப்ரவரி 15ல ஊரே அவன் கைக்கு போயிடுச்சு. அதுக்கப்புறம் அங்கேருந்து கடுதாசி, மணியாடர் எதுவும் வர வழியில்ல. அவர் அனுப்பாம நிறுத்தல. அப்பாகிட்ட இத நிதானமா சொல்லுங்க.

தெம்பனிஸ் அக்கா:
படிச்சிட்டு கையெல்லாம் நடுங்குது தம்பி. அவர் பேர், அவங்க அப்பா பேர், ஊர் பேர் மூணையும் நோட்டுல எப்படி எழுதிருக்கோ அதே எழுத்துல எனக்கு தனி மெசேஜ்ல அனுப்புங்க, இங்க பொதுவுல போடாதீங்க. சனிக்கிழம நான் விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துக்கு போறேன். மொதல்ல 36லேருந்து 41 வரைக்கும், அப்புறம் சண்ட முடிஞ்சு வந்த இதழ்ங்கள்ல 46, 47. என்ன கெடச்சாலும் சொல்றேன், கெடைக்கலன்னாலும் எந்தெந்த மாசம் பாத்தேன்னு எழுதி வைக்கிறேன், அடுத்தது நீங்க அங்கேருந்து பாக்கலாம்.

முள்ளியாறு:
அனுப்பிட்டேன் அக்கா. பத்திரக்காரர் அண்ணே, பாகப்பிரிவினை பத்திரம் 1952ல ஒண்ணு இருக்குன்னு அப்பா சொல்றார், பெட்டி சாவி பெரியப்பா வீட்ல இருக்கு, நாளைக்கு காலையில போறோம்.