தேவ் ஆனந்துக்கு நடிக்க வராதாம், வராவிட்டால் போகிறது

சாய்வு நாற்காலி:
பழைய இந்திப் படம் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் இயக்குநர்கள் குரு தத், பிமல் ராய் என்று பாடம் நடத்தக் கிளம்பிவிடுகிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. எனக்கு இந்தி அரைகுறை, சப்டைட்டில் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் குறையில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு தேவ் ஆனந்த் படத்தைப் போட்டால் மனசு லேசாகிவிடும், அவ்வளவுதான் என் கணக்கு. இதைச் சொன்னதற்கு ஒரு நண்பர், "அந்த ஆளுக்கு நடிக்கவே வராதே, தலையை ஆட்டுவார், ஓரமாகச் சாய்ந்து நடப்பார், பார்ப்பதென்றால் திலீப் குமாரைப் பார்" என்கிறார்.

சரி, வராது என்றே வைத்துக்கொள்வோம். 'தேரே கர் கே சாம்னே' (1963) படத்தின் டைட்டில் பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மனுஷன் விஸ்கி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பாடுவார், கிளாஸுக்குள் குட்டியாக நூதன் தெரிவார். உள்ளே ஐஸ் கட்டி விழுந்ததும் அந்தப் பெண் குளிரில் வெடவெடப்பார், இவர் பதறிப்போய் ஐஸை எடுத்து வெளியே போடுவார். காதல் வந்தவன் எவ்வளவு பைத்தியக்காரன் என்று காட்ட இதற்கு மேல் என்ன நடிப்பு வேண்டும்?

கோஹினூர்:
உங்கள் நண்பர் கட்சிதான் நானும். ரசிப்பதை யாரும் தடுக்கவில்லை சார், ஆனால் 'நடிக்க வராது என்றே வைத்துக்கொள்வோம்' என்று ஆரம்பித்துவிட்டு நாலு வரி தள்ளி 'இதற்கு மேல் என்ன நடிப்பு வேண்டும்' என்று கேட்டால் எப்படி? இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். அந்த ஐஸ் கட்டி இயக்குநர் விஜய் ஆனந்தின் மூளை. நடுங்கியது நூதன். தேவ் செய்தது கிளாஸை எட்டிப் பார்த்தது மட்டும்.

'முகல்-ஏ-ஆசம்' (1960) படத்தில் அந்த இறகுக் காட்சியைப் பாருங்கள். வசனம் கிடையாது, பின்னால் படே குலாம் அலி கான் பாடுகிறார், திலீப் ஒரு இறகால் மதுபாலா முகத்தை வருடுகிறார், அவ்வளவுதான் நடக்கிறது. அந்தக் காலகட்டத்தில் அவர்கள் இருவரும் நிஜத்தில் பேசிக்கொள்வதுகூட இல்லை. தெரிந்துகொண்டு பார்த்தாலும் அந்த முகத்தில் ஒரு பிசிறு கண்டுபிடிக்க முடியாது. 'கோஹினூர்' படத்தில் ஒரே ஒரு பாட்டுக்காக சிதார் கற்றுக்கொண்டார், விரல்களை க்ளோசப்பில் காட்டும்போது மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. 'கங்கா ஜமுனா'வில் முழுப் படமும் கிராமத்துப் பேச்சு. ஃபிலிம்ஃபேரில் சிறந்த நடிகர் விருது அவருக்கு 8 முறை, உங்கள் ஆளுக்கு 2 முறை. உழைப்பு என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

சாய்வு நாற்காலி:
விருதைக் கொண்டுவராதீர்கள் ஐயா. அதே ஃபிலிம்ஃபேர்தான் தேவ் ஆனந்தின் 'கைடு' படத்துக்கு 7 விருதை அள்ளிக் கொடுத்துவிட்டு இசை விருதை மட்டும் 'சூரஜ்' படத்துக்குக் கொடுத்தது. 'கைடு' பாட்டுக்கு இல்லையாம்!

உழைப்பு என்றீர்கள். அந்த உழைப்பு திலீப் குமாரை என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சோகப் பாத்திரங்களிலேயே மூழ்கி மனசு கெட்டுப்போய் டாக்டரிடம் போக, கொஞ்சம் லேசான படங்கள் பண்ணுங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். அப்படி அவர் நடித்ததுதான் 'ஆசாத்' (1955), கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது, நம் 'மலைக்கள்ளன்' கதை. கத்திச் சண்டை, மாறுவேடம், ஒரே ஜாலி. ஆக, திலீப் குமாருக்கே டாக்டர் சொன்ன வைத்தியம் லேசான படம். அதைத்தான் நான் தேவ் ஆனந்திடம் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிக்கொள்கிறேன்.

கேசட் கடை:
ரெண்டு பேரும் சம்பந்தமில்லாமல் சண்டை போடுகிறீர்கள். விஷயம் எளிது: பாட்டு. மெட்டுப் போட்ட எஸ்.டி. பர்மனை எடுத்துவிடுங்கள், பாடின ரஃபியை, கிஷோரை, ஹேமந்த் குமாரை எடுத்துவிடுங்கள், அப்புறம் தேவ் ஆனந்தில் என்ன மிச்சம் என்று பாருங்கள். ஒரு தொப்பி, ஒரு ஸ்கார்ஃப், ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக் சாயல். நாங்கள் கேசட் விற்ற காலத்தில் 'தேவ் ஆனந்த் ஹிட்ஸ்' என்று கேட்டு வாங்குவார்கள், எனக்கு உள்ளூர எரியும். பாடினது ஒருத்தர், மெட்டுப் போட்டது ஒருத்தர், எழுதினது ஒருத்தர், அட்டையில் சிரிக்கிறது மட்டும் இவர். சாய்வு நாற்காலி சாரே யோசிக்கட்டும், அவர் உதாரணம் காட்டிய காட்சிகூட ஒரு பாட்டுதான்.

மாலதி:
கேசட் கடை அண்ணே, ஒரே ஒரு கேள்வி. 'பைஜு பாவ்ரா'வில் (1952) நௌஷாதும் ரஃபியும் சேர்ந்து பாரத் பூஷணுக்குக் கொடுத்த பாட்டுகளுக்கு மேல் யாருக்குக் கிடைத்துவிட்டது? பிஸ்வஜித்துக்கும் ஜாய் முகர்ஜிக்கும் கிடைத்த பாட்டெல்லாம் குறைச்சலா? இப்போது யாராவது ராத்திரி சாப்பிட்டுவிட்டு பாரத் பூஷண் படத்தைத் தேடிப் போட்டுப் பார்க்கிறார்களா? அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு.

பாட்டைத் திரையில் தாங்குவது ஒரு தனி வேலை. 'ஹம் தோனோ'வில் (1961) அந்தச் சிகரெட் லைட்டரைப் பாருங்கள். திறந்தால் ஒரு சின்ன மெட்டு வரும், அதுதான் படம் முழுக்கச் சுற்றுகிறது. 'மே ஜிந்தகி கா சாத்' பாட்டில் அவர் ஒன்றுமே செய்யமாட்டார், புகை விடுவார், நடப்பார், கவலைப்படாத ஆள் ஒருத்தன் எப்படி இருப்பான் என்பது அந்த நடையிலேயே வந்துவிடும். 'சோல்வா சால்' (1958) ரயில் பாட்டும் அப்படித்தான். அந்த மௌத் ஆர்கன் வாசித்தது ஆர்.டி. பர்மன், அந்தப் பெருமை அவருக்கே. ஆனால் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருக்கும் வஹீதாவைச் சீண்டவும் வேண்டும், அது அசிங்கமாகவும் போய்விடக் கூடாது. அந்தக் கோட்டில் தேவ் நடப்பதைப் போலப் பலரால் நடக்க முடியவில்லை. அதே காட்சியில் வேறொரு ஹீரோவை உட்காரவைத்தால் சங்கிலியைப் பிடித்து இழுக்கத் தோன்றும்.

கேசட் கடை:
பாரத் பூஷணை இழுத்ததற்கு ஒரு சபாஷ், அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனாலும் அந்த லைட்டர் மெட்டு ஜெய்தேவ் போட்டது, பாட்டு சாஹிர் எழுதியது. மறுபடியும் என் கட்சிக்கே வந்து நிற்கிறீர்கள் பாருங்கள்.

கோஹினூர்:
'கைடு' பற்றிப் பேசினீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். கதை யாருடையது? ஆர்.கே. நாராயணுடையது. படத்தைப் பற்றி அவர் தனியாக ஒரு கட்டுரையே எழுதி நொந்துகொண்டார். மால்குடி என்கிற சின்ன ஊரில் நடக்கிற கதையைத் தூக்கிக்கொண்டு போய் உதய்பூர் அரண்மனை, சித்தூர்க் கோட்டை என்று பெயிண்ட் அடித்துவிட்டார்கள். நாவலில் ராஜு ஒரு சாதாரண ஏமாற்றுக்காரன், சாமியார் என்று நம்பிய ஊருக்காக மழை வேண்டி உண்ணாவிரதம் இருக்கிறான், கடைசியில் மழை வந்ததா இல்லையா என்பதுகூட உறுதியாகத் தெரியாது. படத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அவர் மகானாகவே ஆகிவிடுகிறார். எல்லாம் ஹீரோ பிம்பத்துக்காக. திலீப் அந்தப் பாத்திரத்தைச் செய்திருந்தால் கடைசி வரை சந்தேகத்தோடே விட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

மாலதி:
கடைசி அரை மணி நேரத்தை நீங்கள் சொல்வதுபோலவே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் அந்த ஆத்மா பேச்செல்லாம் அலுப்புதான். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் படத்தை அப்படித் தள்ள முடியாது. 1965ல் ஒரு பெரிய ஸ்டார், அடுத்தவன் மனைவியோடு குடித்தனம் நடத்துகிறான், அவள் ஆடிச் சம்பாதித்ததில் குடித்துச் சூதாடுகிறான், நகைக்காக அவள் கையெழுத்தையே போலியாகப் போட்டு ஜெயிலுக்குப் போகிறான். சொந்தக் கம்பெனிப் படத்தில் இப்படி ஒரு வேஷத்தைத் தானாகத் தேடிப் போட்டுக்கொண்டவரைப் போய் 'பிம்பத்தைக் காப்பாற்றினார்' என்கிறீர்களே.

நாயகி ரோஸி பாத்திரமும் அப்படித்தான். புருஷனை விட்டுவிட்டு வந்த பெண், அதற்காகப் படம் அவளைத் தண்டிக்கவில்லை, கோட்டைச் சுவர்மேல் ஓடி ஆடவிட்டது. செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரெஹ்மானுக்கு வாழ்நாள் வேஷம். 'தேரே மேரே சப்னே' பாட்டை மறுபடி பாருங்கள், மிகச் சில நீண்ட ஷாட்களில் முடிந்துவிடும், வெட்டே தெரியாது. அவள் விலகுகிறாள், இவர் அவசரப்படாமல் பின்னால் போகிறார், கேமரா அப்படியே கூடவே போகிறது. அங்கே ஹீரோத்தனம் காட்டினால் பாட்டு கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒதுங்கி நிற்கத் தெரிவதும் நடிப்பில் சேர்த்திதானே?

நைட் ஷோ:
எல்லாரும் 1970க்கு முன்னாலேயே நின்றுகொண்டு பேசுவது எவ்வளவு வசதி! 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) வரை சரி, 'தேஸ் பர்தேஸ்' (1978) வரைகூடப் போகலாம். அதற்கப்புறம் அவரே எழுதி, அவரே இயக்கி, அவரே நடித்து 2011ல் 'சார்ஜ்ஷீட்' வரைக்கும் எடுத்துக்கொண்டே போனாரே, அதையும் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள் சார், மனசு லேசாகிறதா என்று சொல்லுங்கள். திலீப் குமார் வயசானதும் 'சக்தி', 'மஷால்' என்று அப்பா வேஷம், பெரியவர் வேஷம் என்று மாறிக்கொண்டார். உங்கள் ஆள் கண்ணாடியே பார்க்கவில்லை.

சாய்வு நாற்காலி:
அதைத்தானே முதலிலேயே சொன்னேன், நான் ஆராய்ச்சி மாணவன் இல்லை. ஒருத்தரை ரசித்தால் அவருடைய எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று சட்டமா? 'சார்ஜ்ஷீட்' பக்கம் போகமாட்டேன். பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும் வசதி எனக்கு உண்டு, விமர்சகருக்குத்தான் அது கிடையாது, பாவம்.

ஆனால் ஒன்று. குரு தத் பெயரைச் சொல்லி தேவ் ஆனந்தை மட்டம் தட்டுபவர்கள் புனேயில் பிரபாத் ஸ்டூடியோ கதையை மறந்துவிடுகிறார்கள். சலவைக்குப் போட்ட சட்டை மாறிப்போய், அதில் இருவரும் சிநேகிதர்களாகி, நான் படம் எடுத்தால் நீதான் இயக்குநர், நீ இயக்கினால் நான்தான் ஹீரோ என்று பேசிக்கொண்டார்கள். நவ்கேதன் கம்பெனி ஆரம்பித்ததும் தேவ் சொன்னபடி 'பாஸி'யை (1951) குரு தத்திடம் கொடுத்தார், அதுதான் குரு தத் இயக்கிய முதல் படம். அப்புறம் குரு தத் தயாரித்த 'சி.ஐ.டி.'யில் (1956) தேவ் ஹீரோ, வஹீதாவுக்கு அது முதல் இந்திப் படம். நடிக்க வராத ஆளின் கண்ணுக்கு ஆள் தெரிந்திருக்கிறது. (தேவ் கறுப்புக் கோட்டுப் போடக் கூடாது என்று கோர்ட் தடை போட்ட கதையை யாரும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது வெறும் கதை.)

கோஹினூர்:
நல்ல சிநேகிதர், நல்ல தயாரிப்பாளர், ஒத்துக்கொள்கிறேன். நடிகர்? அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ரெண்டு பேரையும் ஒரே திரையில் வைத்துப் பார்த்தால் விவகாரம் தீர்ந்துவிடும். அப்படி ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, எஸ்.எஸ். வாசன் எடுத்த 'இன்சானியத்' (1955), ஜெமினி படம். பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

நைட் ஷோ:
அதில் ஒரு சிம்பன்சியும் நடித்திருக்கிறது. நான் பார்த்தவரைக்கும் ரெண்டு பேரையும் ஓரங்கட்டியது அதுதான்.

சாய்வு நாற்காலி:
கேசட் கடை அண்ணே, அந்தப் படத்துக்கு இசை யார்? பாட்டு கேட்கிற மாதிரி இருந்தால்தான் நான் உட்காருவேன்.

கேசட் கடை:
சி. ராம்சந்திரா. ஆனால் 'ஆசாத்' அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். பாருங்கள், கடைசியில் என்னிடம்தான் வந்து கேட்கிறீர்கள்.