மறுமொழி: ஜம்பிங் ஸ்டில்ட்ஸ் – பொய்க்காலா, கொக்கலியா?

> காலில் கட்டிக்கொண்டு துள்ளி ஓடும் விளையாட்டுக் கருவி ஒன்றின் பயனர் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். ‘ஜம்பிங் ஸ்டில்ட்ஸ்’ என்பதற்கு இப்போதைக்குக் ‘குதிக்கும் பொய்க்கால்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் அம்மா.

‘குதிக்கும்’ இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு இடிப்பது ‘பொய்க்கால்’. காலை இழந்தவர் பொருத்திக்கொள்வதற்கும் அதே பெயர்தான். வேறு இடமென்றால் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடலாம். இங்கே முடியாது. காலிழந்த ஓட்டக்காரர்கள் அணியும் வளைந்த கார்பன் இழைத் தகடும் உங்கள் கருவியும் பார்வைக்கே பங்காளிகள். மிதித்தால் வளையும், எடுத்தால் நிமிர்ந்து தள்ளும். ஒன்று இல்லாத காலுக்கு ஈடு, மற்றது இருக்கிற காலுக்கு நீட்டிப்பு. பாதுகாப்புக் குறிப்புகள் நிறைந்த கையேட்டில் இந்த வேறுபாடு குழம்பக் கூடாது.

‘மரக்கால்’ நல்ல பழைய சொல். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் வரும் பதினோரு ஆடல்களில் மரக்காலாடலும் ஒன்று. அவுணர்கள் பாம்பும் தேளுமாக உருவெடுத்து வர, கொற்றவை மரக்கால் கட்டி அவற்றை மிதித்து ஆடினாள் என்பது கதை. (தரையில் கால் படக்கூடாது, ஆனால் தரையில் வேலை இருக்கிறது. இந்தக் கருவி எதற்கென்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.) ஆனால் மரக்கால் என்றால் பாதிப் பேருக்கு நெல் அளப்பதுதான் நினைவுக்கு வரும். போதாததற்கு, இன்றைய கருவியில் மரமே இல்லை. எல்லாம் அலுமினியமும் கண்ணாடியிழையும்தான்.

மிஞ்சுவது கொக்கலிக்கட்டை. காலில் கட்டிக்கொண்டு உயரத்தில் நடக்கும் கட்டைக்கு ஆட்டக்கலைஞர்கள் வாயில் இன்றும் இருக்கும் சொல். கட்டையைக் கழற்றிவிட்டுக் ‘கொக்கலி’யை மட்டும் எடுத்துக்கொள்வோம். கேட்டவுடன் கொக்கு வந்து ஒற்றைக்காலில் நிற்பது கூடுதல் லாபம். பிரெஞ்சில் ‘எஷாஸ்’ என்பது இந்தக் கட்டைக்கும் பெயர், நெடுங்கால் உள்ளான் பறவைக்கும் பெயர். ஆங்கிலத்திலும் அப்படித்தான். லத்தீனில் கட்டைமேல் நடப்பவரைக் குறித்த ‘கிராலாட்டோர்’ என்ற சொல்லைப் பழைய பறவையியலார் நீரில் நடந்து இரைதேடும் பறவைக் கூட்டத்துக்கே சூட்டியிருந்தார்கள். ஆக, இந்த ஒப்புமை நமக்கு மட்டும் தோன்றியதல்ல.

இனி முன்னொட்டு. யாராவது ‘உயர்கொக்கலி’ என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு. பிரான்சின் தென்மேற்கில் லாண்ட் என்ற பகுதி, தட்டையான மணல்வெளி, மழை பெய்தால் தண்ணீர் வடியாது. அங்கே ஆட்டிடையர்கள் நாள் முழுக்கக் கொக்கலியில்தான் இருந்தார்கள். சேறு படாது, தூரத்து ஆடும் கண்ணில் படும். கூடவே ஒரு நீண்ட கோல். அதைப் பின்னால் ஊன்றிச் சாய்ந்துகொண்டு, மேய்ச்சல் நேரத்தில் கம்பளி பின்னுவார்கள். 1857-இல் நீரை வடித்துக் காடு வளர்க்கச் சட்டம் வந்தது. பைன் மரங்கள் வளர வளர மேய்ச்சல் நிலம் சுருங்கியது, கொக்கலிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்புறம் அது காட்சிப்பொருள். சில்வேன் டோர்னோன் என்பவர் 1891-இல் பாரிசிலிருந்து மாஸ்கோ வரை கொக்கலியிலேயே 58 நாளில் நடந்து சேர்ந்தார்.

இதை வைத்து ‘முதலில் தொழில், பிறகு விளையாட்டு’ என்று நேர்கோடு இழுத்துவிட வேண்டாம். பெல்ஜியத்தின் நாமூர் நகரில் இரண்டு அணிகள் கொக்கலியில் ஏறி நின்று முட்டித் தள்ளும் போட்டி உண்டு. அங்கே கொக்கலிக்கு 1411-லேயே எழுத்துச் சான்று இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

ஆனால் இடையர், நடையர், முட்டுபவர் எல்லோருக்கும் கொக்கலி தந்தது உயரம் மட்டுமே. உங்கள் கருவியின் வழி வேறு. 1890-இல் நிக்கோலஸ் யாக்ன் என்ற ரஷ்யர், காலோடு ஒட்டி நீளும் வில் ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் எடையை வில் வாங்கிக்கொண்டு அடுத்த அடியில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் எண்ணம். அதைச் செய்து பார்க்கும் அளவுக்குப் பொருள் கைக்கு வர நூறாண்டு ஆயிற்று. ஜெர்மானியர் அலெக்சாண்டர் பாக் கண்ணாடியிழை வில்லை வைத்துச் செய்த கருவிக்கு 2004-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உடல் எடைக்கு ஏற்ற வில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உங்கள் கையேட்டிலும் கட்டாயம் இருக்கும். எனவே பெயரில் உயரம் வேண்டாம், துள்ளல் போதும்.

என் பரிந்துரை: துள்ளுகொக்கலி. வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது.

இன்னொன்று. நான் ஒருமுறை இதை மாட்டிப் பார்த்திருக்கிறேன். அடிப்பாகம் உள்ளங்கை அகலம்கூட இல்லை, நின்றால் விழுவோம். நான் நின்றேன். ‘நிற்கவும்’ என்று எங்காவது மொழிபெயர்த்திருந்தால் ‘நின்ற இடத்திலேயே அடிமாற்றிக்கொண்டிருக்கவும்’ என்று திருத்திவிடுங்கள்.

———

> துள்ளுகொக்கலி நீளமாக இருக்கிறதே. ‘விற்கால்’ என்றால் சின்னதாக, சங்கச் சொல் போலவே இருக்கிறது.

அழகுதான் ஐயா, ஆனால் மறுபடி ‘கால்’ வந்துவிட்டது. அந்த ஓட்டக்காரர்களின் தகட்டைத்தான் விற்கால் என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கு எடுத்து வைப்போம். தவிர, ‘விற்’ என்று தொடங்கினால் பெட்டியின் மேல் ‘விற்பனைக்கு’ என்று படித்துவிடுவார்கள். இரண்டு கால்களையும் ஒரே தண்டில் வைத்துக் குதிக்கும் ‘போகோ ஸ்டிக்’கையும் இப்போதே பிரித்துவிடலாம்: அது துள்ளுகோல்.

———

இருவருக்கும் நன்றி. துள்ளுகொக்கலி என்றே மாற்றிவிட்டேன். ‘நிற்கவும்’ மூன்று இடத்தில் இருந்தது!

இரண்டு சிக்கல் பாக்கி. அதே பட்டியலில், உட்கூரைப் பூச்சு வேலை செய்பவர்கள் கட்டிக்கொள்ளும் கருவியும் வருகிறது. அகன்ற பாதம், இரட்டைத் தண்டு, அசையாமல் நிற்கலாம். ‘நிலைக்கொக்கலி’ என்று போட்டேன், இங்கே ஒற்று மிகும் என்று நினைக்கிறேன். அப்புறம், இந்த விளையாட்டையே கண்டுபிடித்தவர் பெயரால் ‘பாக்கிங்’ என்கிறார்கள். தமிழில் எழுதினால் பேக்கிங், பார்க்கிங், பாக்சிங் மூன்றும் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ‘கொக்கலித் துள்ளல்’ போதுமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?