எந்த வைட்டமின் உடம்பில் எத்தனை நாள் தங்கும்? கடலூர், புதுவை அனுபவங்கள்

மருந்தாளுநர், மஞ்சக்குப்பம்:
கவுன்டரில் திரும்பத் திரும்பப் பார்ப்பது வைட்டமின் டி 60,000 யூனிட் குழப்பம்தான். சீட்டில் வாரம் ஒன்று, 8 வாரம் என்றிருக்கும். வீட்டில் பி காம்ப்ளெக்ஸோடு சேர்த்துத் தினமும் போட்டுவிடுவார்கள். டி கொழுப்பில் கரைவது, உடல் கொழுப்பிலேயே போய்த் தங்கும். ரத்தத்தில் சுற்றுவது பாதியாகக் குறையவே 2, 3 வாரம் பிடிக்கும். தினமும் போட்டால் கால்சியம் ஏறும்: ஓயாத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர். நிறுத்தினாலும் சேர்ந்தது வடிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அட்டை மேலேயே கிழமையை எழுதிக் கொடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம்; எண்ணெய் சேர்ந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால்தான் நன்றாகச் சேரும்.

செவிலியர், வில்லியனூர்:
வைட்டமின் ஏ-யும் அப்படித்தாங்க. குழந்தைக்கு 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், 5 வயது வரை. கல்லீரல் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். முகாமில் ஒன்று, தனியாரிடம் ஒன்று என்று அடுத்தடுத்துப் போய்விடாமல் தடுப்பூசி அட்டையில் தேதியைப் பாருங்கள்.

உணவியலாளர், லாஸ்பேட்டை:
என் கவலை நீரில் கரையும் பி1. உடம்பில் மொத்தமே 30 மில்லிகிராம் அளவுதான் இருக்கும், வரத்து நின்றால் 2, 3 வாரத்தில் தட்டுப்பாடு. பச்சரிசியை நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் இருந்ததும் போச்சு. புழுங்கலில் அவிக்கும்போதே தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், அதனால் இழப்பு குறைவு. குடிப்பழக்கம் உள்ளவர் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து, கண் அலைபாய்ந்து, நடை தள்ளாடி, புத்தி குழம்பினால் 'போதை தெளியல' என்று விட்டுவிடாதீர்கள். பி1 தீர்ந்து மூளை பாதிக்கும் அறிகுறியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி, குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும்போது பி1 ஊசியும் தாமதமில்லாமல் போட வேண்டும்.

ஆய்வகப் பணியாளர், முதுநகர்:
அக்கா, நீரில் கரைவதெல்லாம் தங்காது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பி12-ஐ உடம்பு, பெரும்பாலும் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை சேர்த்து வைக்கும். தினத்தேவையோ 2 மைக்ரோகிராம் சுமார். அதனால் குறைபாடு தெரியவே வருடக்கணக்காகும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடம் போடுபவர், மீன் முட்டை பால் எதுவும் தொடாதவர் கட்டாயம் அளவு பார்க்கணும். பாத எரிச்சலைச் சர்க்கரை என்றே நினைத்துவிடுகிறார்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். நம்ம ஊர் மத்தி, கவலை மீனில் பி12 தாராளம்.

மருந்தாளுநர், மஞ்சக்குப்பம்:
சரியான திருத்தம். கே-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொழுப்பில் கரைந்தாலும் அதன் இருப்பு சொற்பம், சில நாளில் குறையும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுபவர், கே நிறைய உள்ளது என்று கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்றால்தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) இறங்கி ஏறும். வாரம் இருமுறை ஒரு கிண்ணம் என்றால் எல்லா வாரமும் அதே கிண்ணம்.