சாகாதவன் சண்டையில எதைக் காக்கணும்? – 'தி ஓல்ட் கார்ட்' விவாதம்

புளியந்தோப்பு கார்னர்:
படம் பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. 2020-ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்தது, ஜினா பிரின்ஸ்-பைத்வுட் இயக்கம். கிரெக் ரக்கா எழுதி லியாண்ட்ரோ ஃபெர்னாண்டஸ் வரைஞ்ச காமிக்ஸ்தான் மூலம். சார்லீஸ் தெரோன் நடிச்ச ஆண்டியும் அவ கூட்டாளிங்க மூணு பேரும் நூற்றாண்டுக் கணக்கா சாகாம இருக்காங்க. வெட்டினா ஆறிடும், சுட்டா குண்டை உடம்பே வெளிய தள்ளிடும். ஆனா வலி முழுசா இருக்கும். என்னைக்கோ ஒருநாள் ஆறுறது நின்னுடும், அது என்னைக்குன்னு யாருக்கும் தெரியாது. நைல்னு ஒரு அமெரிக்க மரைன் பொண்ணு புதுசா அந்தக் கூட்டத்துல சேர்றா.

"சாகவே மாட்டாங்கன்னா சண்டையில பதட்டம் எங்கிருந்து வரும்?"னு இந்தக் குழுவுல திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. வரும். உயிர் போகாதவனுக்கும் இழக்க நிறைய இருக்கு: மணிக்கட்டு, முழங்கை, முட்டி, கண். நெஞ்சுல கத்தி இறங்கினா எழுந்துடுவான். முழங்கை உடைஞ்சா, அது சேர்ற வரைக்கும் கோடாரி பிடிக்கக் கை கிடையாது. சரக்கு விமானத்துக்குள்ள ஆண்டியும் நைலும் மோதுறதை அந்தக் கணக்கோட பாருங்க. யார் சாவாங்கன்ற கேள்வியே அங்க இல்ல. இந்த நொடி யாரோட உடம்பு வேலை செய்யுது, யாரோடது செய்யல, அவ்வளவுதான் கேள்வி.

பாக்ஸிங் தெரிஞ்சவங்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு குத்து போதும். வலது விலாவுக்குக் கீழ, கல்லீரல் மேல இடது கை ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டுல வீசுற குத்து. விழுந்தவுடனே ஒண்ணும் தெரியாது. ஒரு நொடி கழிச்சு மொத்த உடம்பும் மடங்கும். எழுந்திருக்கணும்னு மனசு சொல்லும், கால் கேக்காது. சாகாத வரம் வாங்கினவனையும் அந்தக் குத்து படுக்க வைக்கும். அதனால இவங்க தாடையை விட்டுட்டுக்கூட விலாவையும் மூட்டுகளையும் காக்கணும். இதைப் புரிஞ்சுக்கிட்டு சண்டை அமைச்ச படம்னுதான் நான் இதைக் கொண்டாடுறேன்.

வண்ணை வாள்:
அண்ணா, கணக்கு சரி. அந்தக் கணக்கு திரையில தெரியுதான்றதுதான் என் கேள்வி. பார்க்கிறவன் கண்ணு எங்க நிக்கணும்னு படம் சொல்லணும். அதை 1986-லேயே 'ஹைலேண்டர்' சொல்லிடுச்சு. ரசல் மல்கஹி இயக்கம். அதுலயும் சாகாத வீரர்கள்தான், ஆனா தலை துண்டானா சாவு. ஒரே விதி. அதுக்கப்புறம் வாள் எப்போ தோளுக்கு மேல ஏறினாலும் தியேட்டர்ல அத்தனை பேரும் கழுத்தைத்தான் பார்ப்பாங்க.

நியூயார்க் கார் பார்க்கிங்ல நடக்கிற முதல் சண்டையை எடுத்துக்குங்க. கழுத்தைத் துண்டாக்கணும்னா வெட்டு கிடைமட்டமா வரணும், வாளோட விளிம்பு கொஞ்சமும் சாயக்கூடாது, இடுப்பு திரும்பணும். கட்டானான்ற ஜப்பானிய வாள்ல அலகு மட்டுமே சுமார் 70 செ.மீ. இருக்கும், அதோட கை நீளத்தையும் சேர்த்தா பெரிய அரைவட்டம் வேணும். பார்க்கிங் முழுக்க தூண். தூணை ஒரு தோள் பக்கம் வெச்சுக்கிட்டு நிக்கிறவனுக்குக் கழுத்துல பாதிக்குக் காவல் இருக்கு, ஆனா அவனாலயும் அந்தப் பக்கம் வீச முடியாது. இடமே சண்டைக்குள்ள வந்துடுது. வாள் சிதறவிடுற பொறியும் நெஜம், கார் பேட்டரியில ஒயர் இழுத்து வாளோட கோத்து எடுத்தது.

இன்னொண்ணு, வில்லன் குர்கன் தொண்டையில ஒரு தழும்பு. நாயகனுக்கு வாள் கத்துக்குடுத்த ரமிரெஸ் வெட்டினது, கழுத்து துண்டாகல, ஆனா குரல் போச்சு. மத்த காயமெல்லாம் மறையுது, கழுத்துக் காயம் மட்டும் நிக்குது. படம் முழுக்க அந்தக் கரகரப்புக் குரல் விதியை ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கு. 'ஓல்ட் கார்ட்'ல அப்படி ஒரு தடயம் காட்டுங்க.

புளியந்தோப்பு கார்னர்:
ஆண்டியோட காயம் ஆறாம ரத்தம் கசியுது பாரு, அதுதான் தடயம். அவ மருந்துக் கடைக்குப் போற சீன்லயே படம் மாறிடுது.

வண்ணை வாள்:
அது கதைக்கான தடயம், அண்ணா. அடிக்கு அடி சண்டையில கண்ணு எங்க நிக்கணும்னு அது சொல்லல. 2025-ல வந்த ரெண்டாவது படத்துல விதியே குடுத்தாங்க: நைல் கையால பட்ட காயம் ஆறாது, சாகாத சக்தியே போயிடும். எவ்வளவு பெரிய வாய்ப்பு! எதிர்ல நைல் நின்னா சின்னக் கீறல்கூட ஆபத்து, அப்போ எதிரி ரெண்டடி தள்ளி நிக்கணும், கத்தி நுனியை விட்டுக் கண்ணு நகரக் கூடாது. அந்த அளவுக்குச் சண்டையை மாத்தி அமைக்கவே இல்ல. கையில விதி இருந்தும் வீணாக்கிட்டாங்க.

காசிமேடு கம்பு:
ரெண்டு பேரும் உடம்பைப் பத்தியே பேசினு கீறீங்க, ஆயுதத்தைப் பத்தி யாருமே பேசலியே பா. ஆண்டி கையில கீறது ரெட்டை அலகுக் கோடாரி. அவ பழைய காலத்து சித்தியா (Scythia) தேசத்துக்காரின்னு சொல்றாங்க. அந்த ஸ்டெப்பி புல்வெளிக் குதிரைக்காரங்களுக்குப் பேர் போன ஆயுதம் சகாரிஸ், ஒரு பக்கம் வெட்டு, இன்னொரு பக்கம் கூர் மூக்கு. ரெட்டை அலகு கிரீட் தீவு சமாச்சாரம். ஆயிரக்கணக்கான வருஷம் உலகம் சுத்தினவ எங்கயோ எடுத்துக்கினான்னு உட்டுடலாம். சண்டைக்கு அது சரியான்றதுதான் மேட்டர்.

கோடாரியில கனமெல்லாம் நுனியில. வீசினது தப்பிச்சா நிறுத்தித் திருப்ப முடியாது, நிறுத்தப் பார்த்தா மணிக்கட்டு போயிடும். அந்த வேகத்தை அப்படியே வட்டமா இழுத்துனு வந்து அடுத்த அடியில சேக்கணும். சிலம்ப வீச்சும் அதான். ஆனா கம்புக்கு ரெண்டு முனை. நெத்தி உசரக் கம்புல ஒரு முனை போனா இன்னொரு முனை உள்ள வரும், நடுவுல ஓட்டையே கெடையாது. கோடாரிக்கு ஒரு முனைதான், சுத்தி வர்ற வரைக்கும் விலா தெறந்து கெடக்கும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இன்னொரு கையில துப்பாக்கி. தெற்கு சூடான்ல மொதல் சண்டை, எல்லாரையும் சுட்டுத் தள்ளிட்டு சிப்பாய்ங்க திரும்புறப்போ இவங்க எழுந்து வர்ற இடம், அதைப் பாரு. வெட்டுறதும் சுடுறதும் மாறி மாறி வருது. ஸ்டைலுக்கு வெச்சதுன்னு நெனைக்காத, அந்த ஆயுதத்துக்கு அப்படித்தான் ஆடியாகணும்.

ஆனா கார்னர் அண்ணாத்தே, காலடியில எனக்குக் குறை கீது. சாகாதவன் பின்னால போகவே கூடாது. பின்னால போனா எதிராளிக்குத் தூரம் கெடைக்கும், தூரம் கெடைச்சா துப்பாக்கி ஜெயிக்கும். வயித்துல கத்தி வாங்கினாலும் முன் காலை உள்ள போட்டு அவன் மணிக்கட்டைப் புடிக்கணும். உள்ள எறங்கின கத்தியை உருவ அவனுக்கு அரை நொடியாச்சும் ஆவும், அது உன் நேரம். இந்த ஒரு வித்தையைப் படம் முழுக்க வெச்சிருக்கலாம், அங்கங்கதான் வருது.

பெரம்பூர் டைம்லைன்:
எடிட்டிங் பக்கத்திலிருந்து பேசுறேன். விதி கழுத்தா மூட்டான்னு அடிச்சுக்கிறீங்க. பதட்டம் எங்க காணாமப் போகுதுன்னா வெட்டு மேசையில. காயம் ஒரு ஷாட், அடுத்த ஷாட்ல ஆள் எழுந்து நிக்கிறான்னா ஆறுறதுக்கு விலையே இல்லாம போகுது. காயம் பட்டதுலேருந்து கை திரும்ப மூடுற வரைக்கும் வெட்டாம வெச்சிருக்கணும். நொடிக்கு 24 ஃப்ரேம்னா மூணு நொடிக்கு 72 ஃப்ரேம். சண்டை நடுவுல அது ரொம்ப நீளம், அந்த நீளம்தான் வயித்தைப் பிசையும். தெற்கு சூடான் சீன்ல எழுந்திருக்கிறதுக்கு அந்த நேரத்தைக் குடுத்தாங்க, அதனாலதான் இன்னைக்கும் அதைப் பேசுறோம். கடைசி லண்டன் கட்டடச் சண்டையில வேகம் ஏறுது, ஆறுற நேரம் கண்ணுல படுறது குறையுது.

இந்தக் குழுவுல மொட்டை மாடிச் சண்டைக் குறும்படம் எடுக்கிறவங்க இருக்கீங்க, அவங்களுக்கு. அடி முகத்துல படாம ஒரு சாண் தள்ளிப் போகணும். கேமரா அடி வாங்குறவன் தோளுக்குப் பின்னால, 85 எம்எம் மாதிரி நீள லென்ஸ். இடைவெளி சுருங்கி அடி பட்ட மாதிரியே இருக்கும். அதையே 24 எம்எம்ல பக்கவாட்டுல எடுத்தா அந்த ஒரு சாண் ஓட்டை பல்லிளிக்கும். ரெண்டு ஷாட்ல ஒரே அடியைச் சேர்க்கும்போது, ரெண்டாவது ஷாட்ல அடி விழுறதுக்கு 2, 3 ஃப்ரேம் முன்னாலேருந்து ஆரம்பிங்க. ஹாங்காங்காரங்க முறை. அடி ரெண்டு தரம் விழுற மாதிரி தெரியாது, கனம் மட்டும் கூடும்.

ரத்தத்துக்கு பேக்கரி சாமான் கடையில லிக்விட் குளுக்கோஸ் ஒரு கப், தண்ணி கால் கப், சிவப்பு ஃபுட் கலர் ரெண்டு டீஸ்பூன், கோகோ பவுடர் ஒரு டீஸ்பூன். கோகோ இல்லைன்னா வெள்ளைச் சட்டையில ரோஸ்மில்க் கொட்டின மாதிரி இருக்கும். காயம் மூடுறதைக் காட்ட, ஒட்டுப்போட்ட தோல் துண்டைத் தங்கூஸ்ல (மீன் பிடிக்கிற நைலான் நரம்பு) கட்டி இழுத்துப் பிரிச்சு எடுத்து, ரிவர்ஸ்ல ஓட்டுங்க. தங்கூஸ் காசிமேட்டுல எந்தக் கடையிலயும் கிடைக்கும், இருக்கறதுலேயே மெலிசா வாங்குங்க, தடிச்சதுல லைட் பட்டா கோடு தெரியும். அந்த ஷாட்ல ஈர ரத்தம் வேண்டாம். ரிவர்ஸ்ல சொட்டு மேல ஏறும், எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க.

ஒற்றியூர் ரசிகை:
நாலு பேரும் வெட்டு, குத்துன்னே நிக்கிறீங்க. படத்துலயே பயங்கரமான விஷயம் எது? க்வின், ஆண்டியோட பழைய சாகாத கூட்டாளி. இரும்புப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிக் கடல்ல தள்ளிட்டாங்க. மூழ்கிச் சாவா, உயிர் வரும், திரும்ப மூழ்குவா, ஐந்நூறு வருஷமா. ஆண்டி முகத்துல இருக்கிற களைப்பு முழுக்க அதுதான். இவங்களுக்குச் சாவைப் பத்திக் கவலை இல்ல, பிடிபடுறதைப் பத்திதான். மெரிக்குன்ற மருந்துக் கம்பெனியும் ஆண்டியோட கூட்டாளிங்க ஜோவையும் நிக்கியையும் கொல்ல வரல, மயக்கிக் கட்டித் தூக்கிட்டுப் போகத்தான் வந்தது, ஆராய்ச்சிக்கு.

அப்போ கார்னர் அண்ணா சொல்ற மூட்டும் இல்ல, வாள் அண்ணா சொல்ற கழுத்தும் இல்ல. ஒருத்தன் பின்னாலேருந்து ரெண்டு கையையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கிறான் பாருங்க, அந்தப் பிடியைத்தான் இவங்க காக்கணும். கத்தியோட வர்றவனைவிட கயிறோட வர்றவன் ஆபத்தானவன். ரெண்டு படத்துலயும் சண்டை அமைச்சவங்க இதை முழுசாப் பயன்படுத்தலன்றதுதான் எனக்கு ஆத்திரம். க்வின் கதையை எழுதினவங்களுக்குத் தெரிஞ்சது சண்டைக்குள்ள வரவே இல்ல.

புளியந்தோப்பு கார்னர்:
தங்கச்சி, இது என் கட்சிக்குத்தான் வலு. பிடி போடணும்னா முதல்ல முழங்கையையோ மணிக்கட்டையோதான் எடுக்கணும். மூட்டைக் காத்தா பிடியையும் காத்த மாதிரி. பாக்ஸிங்ல ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிற கிளிஞ்சுல தப்பிக்கிறதும் அப்படித்தான்: அவன் கைக்கு உள்பக்கம் உன் கையை நுழைச்சு, தலையை அவன் நெஞ்சுல வெச்சு, இடுப்பைப் பக்கவாட்டுல திருப்பணும். நேரா பின்னால இழுத்தா பிடி இன்னும் இறுகும்.

வண்ணை வாள்:
ஒருத்தன் பிடிச்சா சரி. நாலு பேர் பிடிச்சா? அங்க மூட்டுக் கணக்கு செல்லாது. ரசிகை சொல்றதை நான் ஏத்துக்கிறேன், ஏன்னா அதுவும் ஒத்தை விதி. "மாட்டினா முடிஞ்சது." கழுத்து மாதிரியே கண்ணுக்குத் தெரியிற விதி. கயிறு திரையில வந்தா போதும், எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்க.

காசிமேடு கம்பு:
கயிறு எதுக்குபா, வலை போடு. வீச்சு வலை. ஓரம் முழுக்க ஈயக் குண்டு, சுத்தி எறிஞ்சா வட்டமா விரிஞ்சு ஆள் மேல உழும். குண்டு தரையில உக்காந்ததும் ஓரம் உள்ள சேரும். நைலான் கண்ணியில விரலும் மாட்டும், கோடாரி அலகும் மாட்டும். ஆனா மேல எடம் வேணும், கூரை தாழ்வா இருந்தா விரியாது, மூட்டையா உழும். துறைமுகத்துல, மாடியில நடக்கும். விமானத்துக்குள்ள நடக்காது.

பெரம்பூர் டைம்லைன்:
கோடாரிக்காரி வலையை வெட்டிட்டு வந்துட மாட்டாளா?

காசிமேடு கம்பு:
வெட்ட முடியாது. இழுத்து விறைப்பா நின்னாத்தான் நூல் அறும். தொளதொளன்னு தொங்குற வலை அலகோட சேர்ந்து போகும். வீசக்கூட எடம் இருக்காது. அவ பண்ண வேண்டியது வேற: கோடாரியைக் கீழ போட்டுட்டு, ஒரு காலால வலை ஓரத்தை மிதிச்சு, ரெண்டு கையாலயும் மேல இழுத்து விறைப்பாக்கி, சின்னக் கத்தியால அறுக்கணும். பத்து நொடி ஆவும். அதுக்குள்ள நாலு பேரு மேல உழுந்துடுவான்.

ஒற்றியூர் ரசிகை:
அந்தப் பத்து நொடியை வெட்டாம எடுங்க, டைம்லைன் அண்ணா. 240 ஃப்ரேம்.

வண்ணை வாள்:
எடுக்கலாம். ஆனா வலைக்குள்ள இருக்கிறவ முகம் தெரியணும், கண்ணி பெருசா இருக்கிற வலையா பாருங்க. அதுவும் மாடியில பகல் வெளிச்சத்துல வேண்டாம், வெள்ளை நைலான் பளபளன்னு அடிச்சு முகத்தை மறைச்சுடும். சாயங்காலம் வெயில் சாஞ்சப்புறம், இல்லைன்னா வலையை முன்னாடியே டீத்தூள் தண்ணியில ஊறப் போட்டுப் பாருங்க.

காசிமேடு கம்பு:
ஊறப் போடுற வேலையெல்லாம் எதுக்கு பா. பச்சை வலையே விக்குது, அதை வாங்கு.